செத்த வாத்தை விட்டுவைக்கச் சொல்லும் ஞானம்

கண்மாயில் வாத்துகள் செத்து ஒதுங்கினால் பதற வேண்டாமாம். பனிக்காலம் என்றால் நாலு சாகத்தான் செய்யுமாம். இயற்கைக்குத் தெரியாதது நமக்கென்ன தெரிந்துவிடப் போகிறது என்று சென்ற இதழில் மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறார் ஒரு பறவை ஆர்வலர். அவர் பெயர் இங்கே தேவையில்லை. சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அலங்காரத்தைக் கழித்துவிட்டால் கட்டுரையில் மிஞ்சுவது நான்கு தீர்ப்புகள். கிருமியின் நச்சால் பறவைகளை முடக்கிக் கொல்லும் பாட்டுலிசம் கோடை நோய், குளிர்காலத்தில் வராது. ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் பறவைகளைக் கொன்றது உப்பு, பாட்டுலிசம் என்பது ஆய்வகத்தார் பிறகு ஒட்டிய பெயர். தேனி மாவட்டத்தில் இப்படி ஒரு நோய் பதிவானதில்லை, ஆகவே இங்கே அது கிடையாது. கடைசியாக, செத்த பறவைகளை அள்ளி அப்புறப்படுத்துவது வீண் வேலை, காக்கையும் நாயும் தின்று தீர்த்துவிடும்.

முதல் மூன்றும் தப்பு, திருத்திவிட்டுப் போய்விடலாம். நாலாவதை நம்பி ஒரு ஊர் நடந்தால் பறவைகள் கொத்துக் கொத்தாகச் சாகும். ஜெயமங்கலத்தில் கண்மாய்க் கரையை ஒட்டிக் குடியிருப்பவன் என்ற முறையில் அதைப் படித்துவிட்டு மடக்கி வைக்க என்னால் முடியவில்லை.

கோடை நோய் என்ற வாதத்தை முதலில் பார்ப்போம். பாட்டுலிசக் கிருமிக்குச் சூடு பிடிக்கும் என்பது உண்மை. நீர்ப்பறவைகளைக் கொல்வது பெரும்பாலும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் கிருமியின் சி வகை. 25 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் அது செழித்து நச்சைச் சுரக்கிறது. இதை நம் ஆர்வலர் எங்கோ படித்திருக்கிறார். படித்தது அமெரிக்க, கனடிய ஏரிகளைப் பற்றி. அங்கே அந்தச் சூடு ஜூலையிலும் ஆகஸ்டிலும்தான் கிடைக்கும். அந்தக் கோடையைப் பெயர்த்துக்கொண்டு வந்து நம் பஞ்சாங்கத்தில் ஒட்டி, கார்த்திகை, மார்கழியில் நோய் வராது என்று தீர்ப்பெழுதிவிட்டார். கிருமி பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. மார்கழி விடியலில் இங்கே எல்லோரும் குல்லாவோடும் துண்டோடும்தான் டீக்கடைக்கு வருகிறோம். பதினொரு மணிக்கு அந்தக் குல்லாவோடு ஒருவரையாவது அவர் காட்டட்டும். பகல் வெயில் 28, 30 டிகிரிக்குப் போய்விடுகிறது. முழங்கால் ஆழத் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கறுத்த சேறு அந்தச் சூட்டைக் குடித்து வைத்துக்கொள்கிறது.

சூடு மட்டும் போதாது. காற்றுப் புகாத இடமும், தின்று பெருக அழுகும் புரதமும் கிருமிக்கு வேண்டும். இந்த மூன்றும் நம் ஊரில் எப்போது கூடிவருகின்றன? ஐப்பசி, கார்த்திகையில் கொடைக்கானல் மலையில் பெய்த மழை வராக நதியில் இறங்கிக் கண்மாய்கள் பெருகும்போது கரையோரப் புல்லும் செடியும் மூழ்கி அழுகும். மண்ணுக்குள் இருந்த புழு பூச்சி செத்து மிதக்கும். தை பிறந்து மடை திறந்து தண்ணீர் இறங்கும்போது குழிகளில் மாட்டிய மீன் செத்து நாறும். நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் ஆண்டி வாத்தும் வடக்கிலிருந்து வந்து இறங்குவதும் இதே மாதங்களில்தான். கிருமிக்குப் பந்தி போட்டாகிவிட்டது, விருந்தாளிகளும் வந்துவிட்டார்கள். இவரோ, இது குளிர்காலம், ஒன்றும் நடக்காது என்கிறார்.

இதெல்லாம் ஊகம் என்று அவர் சொல்லக்கூடும். தைவானுக்குப் போவோம். அங்கே தைனான் கடற்கரைச் சதுப்பில் ஆண்டுதோறும் குளிர்காலத்தைக் கழிக்க வருவது கறுப்புமுகக் கரண்டிவாயன். அப்போது உலகம் முழுவதிலும் அந்த இனம் ஏறத்தாழ ஆயிரம்தான் இருந்தது. 2002 டிசம்பரில் ஒவ்வொன்றாகச் சாயத் தொடங்கியது. 2003 பிப்ரவரி முடிவதற்குள் 73 பறவைகள் செத்தன. கொன்றது சி வகைப் பாட்டுலிசம். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. இந்த மூன்று மாதங்களையும் கோடை என்று நிரூபிக்கும் கட்டுரையை அவரிடம் எதிர்பார்க்கிறேன்.

தண்ணீர் நிஜமாகவே உறைந்துபோகும் நாடுகளிலும் அவருடைய விதி நிற்பதில்லை. கோடையில் உண்டான நச்சு செத்த பறவையின் உடலிலும் சேற்றுப் பூச்சிகளின் உடலிலும் தங்கிவிடுகிறது. குளிரில் அது கெடாமல் இருக்கும். பனிக்காலத்திலும், பனி உருகும் இளவேனில் தொடக்கத்திலும் அங்கே வாத்துகள் பாட்டுலிசத்தால் சாவதற்கு இந்தப் பழைய நச்சுதான் காரணம் என்று காட்டுயிர் நோய்க் கையேடுகள் சொல்கின்றன. போதாததற்கு, இ வகை என்று இன்னொன்று இருக்கிறது. குளிர்பதனப் பெட்டியின் குளிரிலும் வளரக்கூடியது அது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே உள்ள பேரேரிகளில், தெற்கே கிளம்பும் மீனுண்ணிப் பறவைகளை அக்டோபர், நவம்பர் குளிரில் அது அள்ளிக்கொண்டு போகிறது. நோயின் ஒரு முகத்தை அரைகுறையாகப் படித்துவிட்டு முழு நோய்க்கும் விடுமுறை அறிவித்துவிட்டார் நம்மவர்.

அடுத்து சாம்பர் ஏரி. இந்தியாவின் மிகப் பெரிய உள்நாட்டு உப்பு ஏரி அது. 1990 முதல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இருக்கிறது. 2019 நவம்பர் 10-ஆம் தேதி வாக்கில் கரையோரம் பறவைகள் ஆயிரக்கணக்கில் செத்துக் கிடப்பது வெளியே தெரிந்தது. மாதம் முடிவதற்குள் அரசுக் கணக்கே 18,000-ஐத் தாண்டியது. ஆண்டி வாத்து, ஊசிவால், உள்ளான், நெடுங்கால் உள்ளான் என்று பல இனங்கள். உயிரோடு இருந்தவையும் சேற்றில் சிறகை விரித்துப் போட்டுக்கொண்டு தலையைத் தூக்க மாட்டாமல் கிடந்தன. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. பேரிடர் மீட்புப் படையினர் வந்து பிணம் பொறுக்க வேண்டியிருந்தது.

முதல் சில நாள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தண்ணீரில் விஷம் என்றார்கள், உப்பு கூடிவிட்டது என்றார்கள், பறவைக் காய்ச்சல் என்றார்கள். போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம் பறவைக் காய்ச்சல் இல்லை என்றது. பரேலியில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்து பாட்டுலிசம் என்று சொன்னது. நம் ஆர்வலருக்கு இதில் நம்பிக்கையில்லை. உப்பு ஏரியில் செத்தால் உப்பால்தான் சாக வேண்டும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்குக்கு நூறு வயது தாண்டிவிட்டது என்பதாவது அவருக்குத் தெரியுமா? 1910-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கிரேட் சால்ட் லேக் என்ற உப்பு ஏரியை ஒட்டி வாத்துகள் லட்சக்கணக்கில் செத்தன. அலெக்சாண்டர் வெட்மோர் என்ற பறவையியலாளர் அங்கேயே தங்கி ஆராய்ந்தார். நோயுற்ற வாத்துகளை எடுத்து நல்ல தண்ணீர் கொடுத்தால் பல பிழைத்தன. ஆகவே கார உப்புதான் விஷம் என்று முடிவுசெய்து 1918-இல் அறிக்கை எழுதினார். நேர்மையான ஆராய்ச்சி, தப்பான முடிவு. பாட்டுலிச நச்சு லேசாக ஏறிய பறவைக்கும் நல்ல தண்ணீர் கிடைத்தால் பிழைக்க வாய்ப்புண்டு என்பதுதான் அவரை ஏமாற்றியது. 1930-இல் நோயின் வேர் சி வகைப் பாட்டுலிசம் என்று தெரிந்ததும் உப்பு வாதம் செத்துப்போனது. அமெரிக்கர்கள் அடக்கம் செய்த பிணத்தைத் தோண்டியெடுத்து, புதுச் சட்டை போட்டு, தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நம் முன்னால் நிறுத்தியிருக்கிறார் இவர்.

உப்புதான் காரணம் என்றால் இன்னொரு கேள்விக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். அந்த ஏரியின் தண்ணீரை எல்லாப் பறவைகளும்தான் குடித்தன. சாம்பரில் செத்தவை பூச்சி புழு தின்பவையும், எல்லாவற்றையும் தின்பவையும். தாவரம் மட்டும் தின்றவை தப்பித்தன. ஆள் பார்த்துக் கொல்லும் உப்பை நான் கேள்விப்பட்டதில்லை. புழுவின் வழியாகப் போகும் நச்சுக்கு அந்தக் குணம் உண்டு. தவிர, 2019-இல் நல்ல மழை. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஏரி நிரம்பிய வருடம் அது. உப்பு கூடிய வருடம் என்று எப்படிச் சொல்வது? 2024-இல் அக்டோபர் கடைசியில் அதே ஏரியில் மறுபடியும் நூற்றுக்கணக்கில் செத்தபோதும் ஆய்வின் முடிவு பாட்டுலிசமேதான்.

இனி "எங்கள் மாவட்டத்தில் பதிவே இல்லை" என்ற பெருமை. பதிவு எப்படி உண்டாகிறது என்று அவர் யோசித்தாரா? பாட்டுலிசத்தில் செத்த பறவையை அறுத்துப் பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் தெரியாது. ஈரல் கெட்டிருக்காது, குடல் வெந்திருக்காது. நச்சு நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அசை என்ற கட்டளை தசைக்குப் போகாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். இரத்தத்தில் நச்சு இருக்கிறதா என்று எலிக்குச் செலுத்திச் சோதிக்க வேண்டும். அழுகிய பிணத்தை எடுத்துப் போனாலும் பயனில்லை. செத்த பிறகும் உடலுக்குள் நச்சு ஊறும் என்பதால் அதில் கிடைக்கும் விடையை நம்ப முடியாது. சாகக் கிடக்கும் பறவையின் இரத்தமும் இப்போதுதான் செத்த உடலும் பனிக்கட்டியில் வைத்து ஆய்வகத்துக்குப் போக வேண்டும். நம் கண்மாய்களிலிருந்து யார் அனுப்புகிறார்கள்?

போன தை மாதம், அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்க்க வந்து கிடை போட்டிருந்த ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் ஏழெட்டு செத்ததாகச் சொன்னார். எப்படித் தம்பி செத்தது என்று கேட்டேன். "மொதல்ல காலு விழுந்துச்சுண்ணே. ரெக்கைய வச்சு துடுப்பு போட்ட மாதிரி இழுத்துக்கிட்டே போச்சு. அப்புறம் கழுத்தத் தூக்க மாட்டேனுருச்சு. தண்ணிக்குள்ள மூக்கு போயிட்டா அம்புட்டுத்தான்." டாக்டரிடம் காட்டினீர்களா என்றேன். "காட்டுனா காய்ச்சல்னு சொல்லி மொத்தத்தையும் அழிக்கச் சொல்லிருவாங்கண்ணே. ஓடையில தூக்கிப் போட்டாச்சு." இவ்வளவுதான் நம்மூர்ப் பதிவேடு. எதனால் செத்தது என்று யாரும் பார்க்கவில்லை, பார்க்காததால் எழுதவில்லை, எழுதாததால் நோயே இல்லை என்று இவர் மூன்று பக்கம் எழுதிவிட்டார்.

அந்தத் தம்பியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் ஆலப்புழையிலும் கோட்டயத்திலும் 2014-க்குப் பிறகு பறவைக் காய்ச்சல் பலமுறை வந்து வாத்துகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்று புதைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் கம்பம் பள்ளத்தாக்கில் வாத்து மேய்ப்பவர்களுக்கு வயிற்றில் புளி கரைகிறது. காய்ச்சலும் பாட்டுலிசமும் தூரத்தில் நின்று பார்க்கிற கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியலாம். ஆனால் காய்ச்சல் பறவைக்குப் பறவை தொற்றும், மனிதருக்கும் ஆபத்து. பாட்டுலிசத்தில் மூச்சுக்காற்றுத் தொற்று கிடையாது. பறவைகளைக் கொல்லும் சி வகை மனிதரை நோயாளியாக்குவது மிக மிக அரிது. ஒன்றில் மந்தையை அழிக்க வேண்டியிருக்கும். மற்றதில் மந்தையை அந்தத் தண்ணீரிலிருந்து ஓட்டிக்கொண்டு போனால் பல பிழைத்துவிடும். இந்த வித்தியாசத்தைச் சொல்ல ஒரு சோதனை போதும். சோதனையே வேண்டாம், எல்லாம் பனி செய்யும் வேலை என்று எழுதுவது அந்த ஏழை மேய்ப்பனுக்குச் செய்யும் துரோகம்.

நாலாவது தீர்ப்புக்கு வருகிறேன். செத்ததை அள்ளாதே, கிடக்கட்டும் என்கிறாரே, கிடந்தால் என்ன ஆகும்?

ஒரு நீலச்சிறகி மின்கம்பியில் அடிபட்டுக் கண்மாய் விளிம்பில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். நோயால் சாகவில்லை, வெறும் விபத்து. சேற்றை அலகால் சலித்துத் தின்ற பறவை அது. கிருமியின் விதைகள் குடலில் ஏற்கெனவே இருக்கலாம். உயிர் இருந்தவரை அவை சும்மா கிடந்தன. உயிர் போனதும் உடலுக்குள் காற்று இல்லை, புரதம் இருக்கிறது, அழுகலின் சூடு வெளிச்சூட்டைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. விதை முளைத்து நச்சைக் கொட்டத் தொடங்குகிறது. இதற்குள் ஈ வந்து கண்ணிலும் வாயிலும் முட்டையிட்டுவிட்டது. மூன்று நான்கு நாளில் அந்தச் சிறு உடலில் ஆயிரக்கணக்கில் புழு நெளிகிறது. அழுகிய சதையோடு நச்சையும் புழுக்கள் விழுங்குகின்றன. அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. தோல் கிழிந்து புழுக்கள் தண்ணீரில் உதிரும்போது, வெள்ளையாக மிதக்கும் கொழுத்த தீனியைப் பார்த்து மற்ற வாத்துகள் நீந்தி வருகின்றன.

நச்சு ஏறிய புழு இரண்டோ நான்கோ போதும், ஒரு வாத்து சாய. சாய்ந்த வாத்தில் மறுபடி ஈ, மறுபடி புழு. ஒன்று பத்தாகிப் பத்து ஆயிரமாகும் வழி இதுதான். சாம்பரில் 18,000-ஐ எட்டியதும் இந்தச் சக்கரத்தில்தான். அந்தச் சக்கரத்தில் கைவைத்து நிறுத்தக்கூடிய ஒரே இடம் பிணம். நம் ஆர்வலர் எதைத் தொட வேண்டாம் என்கிறாரோ அதுவேதான்.

காக்கையும் நாயும் பார்த்துக்கொள்ளுமாம். நாய் ஒரு பிணத்தைக் கவ்விக்கொண்டு போய்ப் பாதி தின்று பாதியை வாய்க்காலில் போடும். காக்கை கொத்திக் கிழித்த உடலில் ஈ இன்னும் வசதியாக முட்டையிடும். பிணத்தையே தின்று வாழும் கழுகுகளுக்கு இந்த நச்சைத் தாங்கும் சக்தி அதிகம் என்று அமெரிக்கக் கழுகுகளில் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். நம்மிடம் இருந்த பிணந்தின்னிக் கழுகுகளைத்தான் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசியால் தீர்த்துவிட்டோம். 2006-இல் அந்த மருந்துக்குக் கால்நடைப் பயன்பாட்டில் தடை வந்தபோது கழுகு அநேகமாகப் போய்விட்டிருந்தது. இயற்கையின் துப்புரவுத் தொழிலாளியைக் கொன்றுவிட்டு, குப்பையை இயற்கை அள்ளிக்கொள்ளும் என்று காத்திருப்பதற்குப் பெயர் இயற்கை நேசமா?

பிணம் ஊறிய தண்ணீரைக் குடித்து மாடுகளும் பாட்டுலிசத்தில் விழுந்திருக்கின்றன. கண்மாயில் மாடு குளிப்பாட்டுபவர்கள் இதை அவர் கட்டுரையிலிருந்து தெரிந்துகொள்ள வழியில்லை.

கனடாவில் பிணம் பொறுக்குவதைக் கைவிட்டுவிட்டார்கள் என்று ஓர் ஆதாரம் காட்டியிருக்கிறார். அவர் காட்டியதில் உருப்படியான ஆதாரம் அது ஒன்றுதான். அதையும் பாதிதான் சொன்னார். கனடாவின் சமவெளியில் உள்ள பெரிய ஏரிகளில் பிணம் அள்ளியும் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஏன் கிடைக்கவில்லை? ஏரி அத்தனை பெரிது. நாணல் அத்தனை அடர்த்தி. கிடந்த பிணங்களில் பெரும்பங்கு தேடியவர்கள் கண்ணிலேயே படவில்லை. அள்ளுவது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அங்கே அள்ள முடியவில்லை. நம் கண்மாய் அப்படியா? கரையில் நடந்து ஒரு சுற்று வந்தால் காலை டீ ஆறுவதற்குள் வீடு திரும்பலாம். கனடிய ஏரியில் தோற்ற ஒரு முறையைக் காரணம் காட்டி, அது வெல்லக்கூடிய இடத்தில் வேண்டாம் என்பது என்ன தர்க்கம்?

செய்ய வேண்டியது பெரிய வித்தையில்லை. பறவை செத்துக் கிடந்தால் வனத்துறைக்கும் கால்நடை மருந்தகத்துக்கும் அன்றே சொல்ல வேண்டும். எந்த நோய் என்று தெரியும்வரை வெறுங்கையால் தொடக்கூடாது. கையுறையும் முகக்கவசமும் வேண்டும். பிணங்களை இரட்டைச் சாக்கில் கட்டி, தண்ணீருக்குத் தள்ளி ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் அல்லது எரிக்க வேண்டும். சாகக் கிடப்பதை நிழலில் வைத்து நல்ல தண்ணீர் புகட்டினால் பல எழுந்து பறக்கும். ஒரு முறை அள்ளியதோடு விடாமல் சாவு நிற்கும்வரை தினமும் கரையைச் சுற்ற வேண்டும். வாத்துக் கிடைகளை வேறு வயலுக்கு மாற்ற வேண்டும். மேய்ப்பவர் பயந்து ஒளிக்காமல் வந்து சொல்லும்படி, சோதனை முடிவு வரும்வரை அவர் மந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று அதிகாரி ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மொத்தச் செலவு சில சாக்கு, கொஞ்சம் சுண்ணாம்பு, நாலு பேர் கூலி. இதையும் மிச்சம் பிடிக்கச் சொல்லத்தான் மூன்று பக்கம் வீணடித்திருக்கிறார். சாம்பரில் முதல் பிணங்களை முதல் நாளே அள்ளியிருந்தால் பேரிடர் மீட்புப் படைக்கு அங்கே இவ்வளவு வேலை இருந்திருக்காது. தாமதித்தது ஏன் என்று ஓர் உயர் நீதிமன்றம் ஓர் அரசைக் கேட்க முடிந்தது. தாமதிக்கச் சொல்லி எழுதுகிறவரை யார் கேட்பது? நான் கேட்கிறேன். அடுத்த இதழில் பதில் சொல்லட்டும்.